தண்ணீர், குப்பை, வெயில்: சென்னை வீடுகளுக்கான கேள்வி பதில்

நங்கநல்லூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராகப் பத்து ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சென்னையில் சூழலுக்கு உகந்த வாழ்க்கை என்றால் முதலில் தண்ணீர், அடுத்து சமையலறைக் குப்பை, மூங்கில் பல்துலக்கியும் எஃகு உறிஞ்சுகுழலும் அவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

மேற்கு மாம்பலம் வாசகி: ஐயா, 2003இல் அரசு கட்டாயப்படுத்தியபோது எங்கள் குடியிருப்பிலும் மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டினார்கள். ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் போர்வெல் வற்றி, லாரித் தண்ணீர் வாங்குகிறோம். இந்த ஏற்பாட்டால் பயனே இல்லையா?

பதில்: அந்தக் குழியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள், அம்மா? எங்கள் குடியிருப்பில் முதன்முறை மூடியைத் தூக்கியபோது, ஜல்லிக்கு மேல் ஒரு முழம் வண்டலும், யாரோ கொட்டிய சிமெண்டுக் கழிவும் இறுகிக் கிடந்தன. அத்தனை ஆண்டுகளும் மாடித் தண்ணீர் குழிக்குள் இறங்காமல் தெருவுக்குத்தான் ஓடியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்குவதால், செப்டம்பரிலேயே மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்து அலசிப் போட்டு, மொட்டை மாடியைப் பெருக்கி, குழாய் வாய்களில் வலை கட்டிவிட வேண்டும். ஒரு நாள் கூலிதான் செலவு.

அடுத்தது மண். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை என்பதால் அங்கே ஆழமில்லாத குழியே போதும். உங்கள் மாம்பலமும் தியாகராய நகரும் களிமண் பகுதிகள். நான்கடிக் குழியில் விழும் தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கும். களிமண் அடுக்கைக் கடந்து கீழே போகும்படி உறைகள் (சிமெண்டு வளையங்கள்) இறக்கிய கிணறு ஒன்று வேண்டும். பழைய கிணறு ஏதாவது மூடாமல் மிச்சமிருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. வடிகட்டித் தொட்டி ஒன்றை இடையில் வைத்து, மாடித் தண்ணீரை அந்தக் கிணற்றில் விடலாம். கிணற்றைக் குப்பையால் நிரப்பி அதன்மேல் கார் நிறுத்துமிடம் கட்டிய வீடுகள்தான் இன்று லாரிக்காகக் காத்திருக்கின்றன என்பது என் அனுபவம்.

கணக்கையும் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் விழும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. அளவில் மழை பெய்கிறது. ஆவியாவதையும் வழிந்தோடுவதையும் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரிக்கு அது எட்டு நடை. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த இந்த ஊருக்கு, பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்ட 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இடையில் கழிந்தவை நான்கே ஆண்டுகள்.

அம்பத்தூர் வாசகர்: ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

பதில்: சாதாரண வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு மூன்று லிட்டர் அளவுக்குக் கழிவாக வெளியேற்றுகிறது. அதில் உப்பு செறிந்திருக்கும் என்பதால் தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம், மண் உவர்ந்துவிடும். வாளியில் பிடித்து வைத்து, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது, அந்த இயந்திரம் உங்கள் வீட்டுக்குத் தேவையா என்பதுதான். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலை. இந்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நண்பரிடம் இரவல் வாங்கி அளந்து பாருங்கள். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்) வரும் வீடாக இருந்து, அளவு அதற்குள் நின்றால், தண்ணீரைக் கொதிக்கவைத்து வடிகட்டினாலே போதும்.

பெருங்குடி வாசகி: சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்க முயன்றேன். நாற்றமும் புழுவும் தாங்காமல் விட்டுவிட்டேன். மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

பதில்: உங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் வீட்டிலும் முதல் பானை அப்படித்தான் முடிந்தது. காரணம் ஒன்றே: ஈரம் அதிகம், காய்ந்த பொருள் குறைவு. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ போட வேண்டும். பக்கவாட்டில் துளையிட்ட மண்பானை இரண்டை வாங்கி, அடியில் நார்த்தூளைப் பரப்பி, அன்றாடக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு நாளும் மேலே சருகால் மூடிவிடுங்கள். தொடங்கும்போது ஒரு கரண்டி புளித்த மோரைத் தெளித்தால் மக்குவது விரைவுபடும். சாம்பார், ரசம் போன்றவற்றை வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போடலாம். மீன், இறைச்சிக் கழிவு வேண்டாம். ஃபில்டர் காபிச் சக்கை தாராளமாகப் போகலாம். புழு வந்தால் அது ஈரம் கூடியதற்கான அறிகுறியே தவிர ஆபத்தன்று; சருகைக் கூட்டி, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளைத் தூவி, இரண்டு நாள் கிளறிவிட்டால் அடங்கும். பானை நிறைந்ததும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். சென்னை வெயிலில் இரண்டு மாதத்தில் மண்வாசனையுடன் உரம் கையில் வரும்.

சருகுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தெருவில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால், தூய்மைப் பணியாளரிடம் கேட்டால் ஒரு கோணி நிறையவே கிடைக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று உங்கள் மாமியார் கேட்டால், உங்கள் ஊரையே காட்டலாம். பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலம்தான் தென்சென்னையின் மழைவெள்ளத்தை உள்வாங்கும் இடம். ஈரக் குப்பை மற்றவற்றோடு சேர்ந்து மேட்டில் புதையும்போது காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. அது தீப்பிடித்துப் புகையும்போது முதலில் மூச்சு முட்டுவது உங்கள் பகுதிக்குத்தான்.

பெரம்பூர் வாசகர்: மேல்மாடி வீடு. ஏப்ரல் முதல் இரவிலும் அனல். ஏ.சி. இல்லாமல் முடியவில்லை, மின்கட்டணமும் கட்டி மாளவில்லை.

பதில்: ஏ.சி.யைக் குறை சொல்ல மாட்டேன். சென்னையின் புழுக்கத்தில் குழந்தைகளும் முதியவர்களும் தூங்கியாக வேண்டும். மார்ச் மாதத்திலேயே மாடித் தளத்தில் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே இறங்கும் சூடு குறையும். சுண்ணாம்பு மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். அது முடியாதென்றால் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு நீடிக்கும், விலை அதிகம். ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார்) விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் விசிறி ஒன்றுக்கு 40 யூனிட் குறையும்.

அண்ணா நகர் வாசகர்: சூரிய மின்தகடு அடுக்ககத்தில் சாத்தியமா?

பதில்: மொட்டை மாடி பொதுச் சொத்து; எனவே சங்கத்தின் ஒப்புதல்தான் முதல் தடை. லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்காகச் சங்கமே நிறுவுவது சண்டையில்லாத வழி. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டுத் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. நிழல் விழாத 100 சதுர அடிக்கு ஒரு கிலோவாட், அதிலிருந்து நாளுக்கு நான்கு யூனிட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: நெகிழிக்கு மாற்றாக எந்தப் பை வாங்குவது நல்லது?

பதில்: எதையும் வாங்காதீர்கள். கல்யாணத் தாம்பூலப் பைகள் உங்கள் அலமாரியில் இருபதாவது இருக்கும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருக்கும்போதும், சூடான சாம்பாரை நெகிழிப் பையில் கட்டித் தரும் கடைகள் இருக்கின்றன; எவர்சில்வர் தூக்கை நீட்டினால் எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள், சில இடங்களில் ஒரு கரண்டி கூடவே விழும்.

வியாசர்பாடி வாசகர்: போகிக்கு எரிக்காமல் இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் மனம் வருந்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எரிப்பதையே நிறுத்தச் சொல்ல வேண்டாம். கிழிந்த கோரைப்பாய், ஓலை முறம், தேய்ந்த துடைப்பம் ஆகியவற்றை வைத்துச் சிறு தீ மூட்டினால் சடங்கு நிறைவேறிவிடும். டயர், செயற்கை நூல் துணி, நெகிழி மூன்றும் அதில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்திலேயே விமானங்கள் தடைபட்டன. மற்றப் பழைய சாமான்களை முதல் வாரமே காயலான் கடையில் எடைக்குப் போட்டு, வரும் காசைப் பெரியவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் டயரைப் பற்றிப் பேசவில்லை.