எண்டோஸ்கோப்பியில் தெரியாத அமிலாய்டு

கேள்வி: 62 வயதான என் அப்பாவுக்கு நெடுங்காலமாக முடக்குவாதம் (மூட்டுகளில் நீடிக்கும் அழற்சி நோய்) உண்டு. சில மாதங்களாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை; எடையும் குறைந்துவிட்டது. எண்டோஸ்கோப்பி செய்தவர் குடல் ஏறக்குறைய நன்றாகவே இருப்பதாகச் சொன்னார். பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையிலோ ‘அமிலாய்டு’ என்று இருக்கிறது. எதை நம்புவது?

– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டையும் நம்பலாம். அமிலாய்டு என்பது உருக்குலைந்த புரதம் நுண்ணிய இழைகளாகித் திசுக்களில் படிவது. அது குடலில் படிந்திருந்தும், உட்சவ்வு பார்வைக்கு இயல்பாகவே இருப்பது அரிதல்ல. முடக்குவாதம், காசநோய் போன்ற நீண்டகால அழற்சிகளால் வரும் ஏஏ வகையில், படிவு சவ்வின் மேலடுக்கிலும் சிறு ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் சேர்வதால், முன்சிறுகுடலில் மணல் தூவியது போன்ற சொரசொரப்பு சிலருக்குத் தென்படும். எலும்பு மஜ்ஜைக் கோளாறால் வரும் ஏஎல் வகையில் படிவு ஆழத்தில் திரள்வதால், மடிப்புகள் தடித்தும் ஆங்காங்கே புடைத்தும் காணப்படலாம். புண், ரத்தக்கசிவு ஆகியவை இரண்டிலும் வரக்கூடும் என்பதால், தோற்றத்தை மட்டும் வைத்து வகையைத் தீர்மானிப்பது சரியன்று.

திசுவிலும் இது எளிதில் அகப்படுவதில்லை. வழக்கமான சாயத்தில் வெறும் இளஞ்சிவப்புப் பூச்சாகத் தெரிவதால், நார்த்திசு என்று கருதிக் கடந்துவிட வாய்ப்புண்டு. சந்தேகம் எழுந்து, சற்றுத் தடிமனாக வெட்டிய சீவலில் காங்கோ சிவப்புச் சாயமேற்றி, முனைவுற்ற ஒளியில் (ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி) பார்க்கும்போது ஆப்பிள் பச்சை நிறம் மின்னினால்தான் உறுதி. பயாப்ஸி படிவத்தில் ‘வயிற்றுப்போக்கு’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் அந்தச் சந்தேகமே எழாமல் போகலாம். மூட்டு நோயையும் சேர்த்து எழுதுவது அரை நிமிட வேலை, ஆனால் பலரும் எழுதுவதில்லை.

அடுத்து அறிய வேண்டியது வகை. முடக்குவாதம் இருப்பதாலேயே ஏஏ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏஏ வகைக்கு அழற்சியை அடக்கும் சிகிச்சையும், ஏஎல் வகைக்குப் புற்றுநோய் மருந்துகளை ஒத்த சிகிச்சையும் என வழிகள் முற்றிலும் வேறானவை. பரிசோதனைக்கூடத்தில் எஞ்சியிருக்கும், பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியைக் கொண்டே வகை காணும் சோதனையைச் செய்ய இயலுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஏஏ வகையில் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது சிறுநீரகம்தான்.