துருப்பிடித்த பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை வீட்டிலேயே சீரமைக்க எங்கிருந்து தொடங்குவது?

பெயின்ட், இன்ஜின் எல்லாம் அப்புறம். முதலில் அடியில் படுத்து சேஸியை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ணங்கென்று ஒலிக்கும். உளுத்த இடம் மொத்தென்று கேட்கும், ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடங்களில் சேறு தங்கும், அங்கே கூடுதலாகப் பாருங்கள்.

மேல்துரு மட்டும் என்றால் கவலையில்லை: வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசினால் கறுத்துவிடும், பிறகு பிரைமர். ஓட்டை விழுந்திருந்தால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யத்தான் வேண்டும். பட்டி (ஓட்டையை அடைக்கும் பசை) வைத்து மூடுவது ஏமாற்று வேலை. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எரிபொருள் டேங்கை இறக்கித் தள்ளி வையுங்கள். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.