ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நான்’ சொல்லாமலே தமிழில் எப்படிப் புரிகிறது?

“காட்பாடியில் இறங்கினேன். பஸ் பிடித்தேன். கோட்டைக்குப் போனேன்.” ஒரு ‘நான்’ கூட இல்லை, ஆங்கிலமானால் பெரும்பாலும் மூன்றிலும் வைக்க வேண்டும்.

வாக்கியங்கள் கோத்துப் பேச்சாக நிற்கும் விதத்தைக் கருத்தாடல் அமைப்பு என்கிறது மொழியியல். யாரைப் பற்றிய பேச்சு என்பது கேட்பவர் மனத்தில் இருக்கும்வரை பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பாகாயம் பஸ்ஸில் நடத்துனர் டிக்கெட் வாங்கியவரை விட்டுவிட்டு, புதிதாக ஏறியவரிடம்தானே கேட்கிறார்? கதையிலும் புது ஆள் நுழைந்தால்தான் பெயர் வரும். வேண்டாத இடத்தில் ‘நான்’ போட்டுப் பாருங்கள்: ‘மற்றவர் போகவில்லை, நான்தான்’ என்ற அழுத்தம் ஏறிவிடும்.

‘இறங்கினேன்’ என்பதன் ‘ஏன்’ விகுதியே முழுக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் மலையாளிகளின் வினைச்சொல்லில் அந்த விகுதியே கிடையாது, அவர்களும் ‘ஞான்’ இல்லாமல் தாராளமாகப் பேசுகிறார்கள்.