தம்பி கேமராவோடு கிளம்பினால் எனக்குத் தூக்கமில்லை

கேள்வி: என் தம்பி டர்பனில் டிவி சேனல்களுக்கு ஃப்ரீலான்ஸ் கேமராமேன். எங்கே கலவரம் என்றாலும் இவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?
– ஒரு அக்கா, சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அக்கா. இங்கே தென்னாப்பிரிக்காவில் வேலையில் காயம்பட்டால் நஷ்டஈடு தரும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர்களுக்குத்தான். தம்பியைத் தனி ஒப்பந்தக்காரர் என்று எழுதி வைத்திருந்தால் அது பெரும்பாலும் கைகொடுக்காது. அதனால் மருத்துவச் செலவு யாருடையது, கேமரா உடைந்தாலோ பறிபோனாலோ யார் கட்டுவது என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கச் சொல்லுங்கள். கேட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்று தயங்குவான், ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அப்புறம், தனியாகப் போகவே கூடாது. வலது தோளில் கேமராவை ஏற்றி வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்துவிட்டால் அந்தப் பக்கம் முழுக்க மறைந்துவிடும், கல் வந்தாலும் கத்தி வந்தாலும் தெரியாது. பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுக்க ஒரு ஆள் வேண்டும். 1986 ஜூனில் கேப்டவுனின் கிராஸ்ரோட்ஸ் குடிசைப் பகுதியில் நடந்த கலவரத்தை பிரிட்டனின் டிவி செய்தி நிறுவனமான ஐடிஎன்னுக்காகப் படமெடுத்த ஃப்ரீலான்ஸ் கேமராமேன் ஜார்ஜ் டி'ஆத் தாக்கப்பட்டு இறந்தார். கலவரம்தான் என்றில்லை, 2015இல் ஜோஹன்னஸ்பர்க்கில் ஆஸ்பத்திரி வாசலில் நேரலைக்கு நின்றவர்களிடமே கேமரா ஓட ஓடக் கொள்ளையடித்தார்கள்.

1993இல் மாஸ்கோவில் சுடப்பட்டு இறந்த கேமராமேன் பெயரில் லண்டனில் இயங்கும் ரோரி பெக் டிரஸ்ட், ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்கு உதவுகிறது. தம்பியை இன்றே அதன் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.