லட்சம் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்வி பதில்

செகண்ட் ஹேண்டில் போர்ஷேயின் பாக்ஸ்டர், கேமன் மாடல்களை வாங்கியவர்களின் கடிதங்கள் சில சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடையது 2007 பாக்ஸ்டர் 2.7, மேனுவல் கியர். மீட்டர் 1,08,000 கி.மீ. காட்டுகிறது. லட்சம் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஐ.எம்.எஸ். பேரிங்கை மாற்றிவிடலாமா? எதை முதலில் பார்ப்பது? (அண்ணா நகர் வாசகர்)

அந்த நண்பர்களை முதலில் காரில் ஏற்றாதீர்கள். அந்த ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு லட்சம் கிலோமீட்டர் ஒரு பெரிய தூரமே இல்லை, ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால். இத்தனை வருடமாகக் குடித்த சென்னை வெயில்தான் விஷயம். அதில் முதலில் அடிபடுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும்.

பேரிங் பயத்தை முடித்துவிடுவோம். ஐ.எம்.எஸ். என்பது இன்ஜினுக்குள் டைமிங் செயின்களைச் சுழற்றும் இடைத்தண்டு, அதன் ஒரு முனையைத் தாங்குவதுதான் இந்தப் பேரிங். 2005 வரை வந்த பல இன்ஜின்களில் இருந்தது சிறிய பேரிங், அதுதான் கெட்ட பெயர் வாங்கியது, கியர்பாக்ஸை இறக்கினால் அதை மாற்ற வழியும் உண்டு. 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பெரிய பேரிங். அது கெடுவது அரிது, ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. அதனால் உங்கள் காரில் அதைத் தேடிப்போய்த் தொட வேண்டாம். என்றாவது கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸ் கீழே இறங்கும், அன்றைக்கு அந்தப் பேரிங்கின் வெளிப்பக்க சீலை மட்டும் எடுத்துவிட்டால் இன்ஜின் ஆயிலே பேரிங்கை நனைக்கும். இந்தக் காரில் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குகள் செய்கிற வேலை அது. கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் அதே கூலியோடு முடித்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஆயில் சர்வீஸ். இது ஏழரை, எட்டு லிட்டர் பிடிக்கிற இன்ஜின், பக்கத்து ஷெட்டில் நான்கு லிட்டர் கேன் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் உள்ள 0டபிள்யூ-40 போதும். மேனுவலில் உள்ள நீண்ட இடைவெளியை மறந்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறையோ 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ மாற்றுங்கள், ஏனென்றால் கோயம்பேட்டில் முக்கால் மணி நேரம் நின்று ஓடுகிற இன்ஜினின் உழைப்பு மீட்டரில் ஏறுவதே இல்லை. பழைய ஃபில்டரைக் குப்பையில் போட விடாதீர்கள். அது காகித ஃபில்டர், மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் தூள் இருந்தால் பேரிங் பற்றி அப்போது கவலைப்படலாம். கறுப்பு பிளாஸ்டிக் துணுக்கு என்றால் டைமிங் செயின் உரசும் கைடு தேய்கிறது.

அடுத்தது வாட்டர் பம்ப். இதுவரை மாற்றிய பில் இல்லையென்றால், ஒழுகும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இறக்கை உடைந்தால் துண்டுகள் கூலன்ட் பாதைக்குள் போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் நூறு ரூபாய் வேலை ஆயிரம் ரூபாய் வேலையாகும், இந்தக் காரில் அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு சைபர் சேர்த்துக்கொள்ளுங்கள். பம்ப் கழற்றும்போதே தெர்மோஸ்டாட், பெல்ட் இரண்டையும் மாற்றுங்கள். இந்தக் காரில் இன்ஜின் நடுவில் இருப்பதால், பெல்ட்டுக்கு வழி சீட்டுகளுக்குப் பின்னால் உள்ள பலகையைக் கழற்றினால் கிடைக்கும். பின் டிக்கியில் இனிப்பு வாசனை அடித்தால் கூலன்ட் தொட்டியில் விரிசல். டாப்-அப் செய்ய லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ கண்டிப்பாகக் கூடாது, உப்பு படிந்துவிடும், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க் பிளக் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, கூடவே ஆறு இக்னிஷன் காயிலையும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், மழை நாளில் மட்டும் இன்ஜின் தடுமாறினால் காரணம் பெரும்பாலும் அதுதான். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை வந்தால் இன்ஜின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஆயில் செப்பரேட்டரை முதலில் சந்தேகப்படுங்கள், பிஸ்டன் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஆனால் எப்போதாவது காலையில் ஒரு சின்னப் புகை வந்து மறைவது சிலிண்டர்கள் படுத்தவாக்கில் இருக்கும் இந்த வகை இன்ஜினின் குணம்.

கேள்வி: கேமன் வைத்திருக்கிறேன். ஈ.சி.ஆரில் போகும்போது ஏ.சி. ஜில்லென்று இருக்கிறது, அடையாறு சிக்னலில் நின்றால் வெறும் காற்று. இரண்டு முறை கேஸ் நிரப்பியும் பயனில்லை. (பெசன்ட் நகர் வாசகர்)

கேஸுக்கு மேலும் செலவு செய்யாதீர்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடானால் காற்றோட்டத்தில்தான் குறை. காரை நிறுத்தி ஏ.சி. போட்டு முன்பக்க இரண்டு மூலைகளிலும் காது வையுங்கள், இரண்டு ஃபேனும் சுழல வேண்டும். மெதுவான வேகத்துக்கு உள்ள ரெசிஸ்டர் எரிந்துபோவது இந்த வண்டியில் வழக்கம், அது போனால் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஃபேன் முழு வேகத்தில் அலறும்.

ஃபேன் ஓடினால் இலையைத் தேடுங்கள். இந்தக் காரின் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளிலும் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர். சாலையில் கிடக்கும் வேப்பம்பூ, சருகு, பாலிதீன் பை எல்லாம் அந்த வாயில் புகுந்து உள்ளேயே தங்கிவிடும். உங்கள் ஏரியாவில் கடல் உப்பும் சேர்ந்து, ஈரச் சருகு ஒட்டிய இடத்தில் கண்டென்சர் அரித்து ஓட்டை விழும். கேஸ் நிற்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பம்பரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடியும். பிரஷர் வாஷ் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை, மார்ச்சில், வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் பாக்ஸ்டரின் உள்ளே தரைவிரிப்பு நனைகிறது. கூரைத் துணியில் கிழிசல் இல்லை. (வேளச்சேரி வாசகர்)

கூரையைப் பாதி திறந்து, அதன் கீல் பக்கம் இரண்டு ஓரத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள், வடிகால் துளைகள் தெரியும். அதில் சருகும் மண்ணும் அடைத்திருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வயரால் மெதுவாகக் குத்தி எடுங்கள், கம்பியை விட்டுக் குழாயைக் கழற்றிவிடாதீர்கள். ஐப்பசிக்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும்.

வேளச்சேரி என்பதால் இன்னொன்று. தெருவில் தண்ணீர் ஏறிவிட்டால், நின்ற காருக்குள் சாவி போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தரைக்கு இவ்வளவு நெருக்கமான காரில் தண்ணீர் எங்கே வரை போயிருக்கிறது என்று வெளியில் இருந்து தெரியாது, பேட்டரியைக் கழற்றிவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள். 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது உங்கள் ஊர்க்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்திவைத்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கேள்வி: ஞாயிறு காலை மட்டும் மகாபலிபுரம் போய் வருவேன். பன்னிரண்டு வருடத்தில் 22,000 கி.மீ.தான். எனக்கும் இதே சர்வீஸ் வேண்டுமா? டயரில் பட்டன் அப்படியே இருக்கிறதே? (திருவான்மியூர் வாசகர்)

அண்ணா நகர்க்காரரைவிட உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். தினமும் ஓடுகிற காரில் சீல்கள் ஆயிலில் நனைந்துகொண்டே இருக்கும், நிற்கிற காரில் காய்ந்து வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுப்பது கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நடப்பது, நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 1514 என்றால் 2014-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எப்படி இருந்தாலும் அந்த ரப்பரை நம்பி ஈ.சி.ஆரில் வேகம் எடுக்காதீர்கள். பின் டயரின் உள் ஓரத்தையும் படுத்துப் பாருங்கள், சக்கரம் உள்பக்கம் சாய்ந்து நிற்பதால் முதலில் தேய்வது அங்கேதான்.

கேள்வி: புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இதற்கு ஸ்பேர்ஸ் கிடைக்குமா? (தி. நகர் வாசகர்)

பல்பு, வைப்பர், மேட், சரி. பம்ப், காயில், சென்சார், பிரேக் இவற்றில் கை வைக்காதீர்கள். பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு, கம்பெனிக்கே சப்ளை செய்யும் பிராண்டில் கேட்டால் டப்பாவில் மட்டும் பெயர் மாறி, விலை குறைந்து வரும்.

கேள்வி: ஒரு மாதம் வெளியூர் போய் வந்தேன். பாக்ஸ்டரின் பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, பேட்டரி செத்ததால் டிக்கி திறக்கவில்லை! (கே.கே. நகர் வாசகர்)

பதற வேண்டாம். கதவைச் சாவியால் திறந்து, கால் வைக்கும் இடத்தில் உள்ள ஃபியூஸ் பெட்டி மூடியைக் கழற்றுங்கள். வெளியே இழுக்கிற மாதிரி ஒரு பாசிட்டிவ் முனை இருக்கும். வேறு ஒரு பேட்டரியின் பாசிட்டிவ் வயரை அதிலும், நெகட்டிவ் வயரைக் கதவு பூட்டு மாட்டும் உலோகக் கொக்கியிலும் கொடுங்கள். அலாரம் அலறும், சாவி பட்டனால் அணைத்துவிட்டு டிக்கியைத் திறக்கலாம். இந்த வயரிலேயே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள், அது தாங்காது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன சார்ஜரைப் போட்டுவிட்டுப் போங்கள்.