குடும்பத்தோடு வெளிநாடு போனால் ஓட்டம் என்னாகும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மே மாதம் வந்தால் எங்கள் ஓட்டக் குழுவில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று பிள்ளைகளோடு கிளம்பிவிடுவார்கள். ஜூனில் பார்த்தால், "விட்டுப்போச்சு அக்கா" என்பார்கள். நான் 11 வருடமாக ஓடுகிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று எல்லோரோடும் வெளிநாட்டில் பல விடுமுறைகளைக் கழித்திருக்கிறேன். அதனால் இந்த முறை எல்லோரும் கிளம்புவதற்கு முன்பே கேள்விகளை அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து: அக்கா, ஆகஸ்டில் அரை மாரத்தான் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். நடுவில் 12 நாள் சிங்கப்பூர், மலேசியா. வாரம் 5 நாள் ஓடுகிறவன் நான். இத்தனை நாள் செய்த பயிற்சி வீணாகிவிடுமா?

ஆகாது தம்பி. இதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹிக்சன் 1981இல் ஒரு சோதனையை வெளியிட்டார். சிலரைப் பத்து வாரம், வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் சைக்கிளும் ஓட்டமுமாகக் கடுமையாகப் பழக்கினார். அப்புறம் அவர்களில் ஒரு பகுதியினரை வாரத்துக்கு இரண்டே நாளாக்கினார். 15 வாரம் கழித்து அளந்தபோதும், உடல் பயன்படுத்தக்கூடிய உச்சபட்ச ஆக்ஸிஜன் அளவு, விஓ2 மேக்ஸ் என்கிறோமே அது, அப்படியே இருந்தது. அடுத்து நாட்களைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் 13 நிமிடம் வரை குறைத்துப் பார்த்தார். அப்போதும் அது இறங்கவில்லை. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் மட்டும் கொஞ்சம் குறைந்தது. 1985இல் நாட்களையும் நேரத்தையும் தொடாமல் கடுமையைக் குறைத்தார். அப்போதுதான் இறங்கியது.

ஆக, நாளைக் குறைக்கலாம், நேரத்தையும் குறைக்கலாம். எல்லா ஓட்டத்தையும் மெத்தனமாக ஓடுவதுதான் கூடாது. உங்கள் 12 நாளில் ஐந்து ஓட்டம், ஒவ்வொன்றும் 25 அல்லது 30 நிமிடம் போதும். அதில் இரண்டு நாள், 10 நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு, ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக என்று ஆறேழு முறை செய்யுங்கள். தீம் பார்க் போய் நாள் முழுக்க வரிசையில் நின்ற மறுநாள் ஓட வேண்டாம், கால் அன்று ஏற்கெனவே உழைத்திருக்கும். ஊருக்கு வந்ததும் முதல் நீண்ட ஓட்டம் கனமாக இருக்கும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

கோவையிலிருந்து: மாமியார், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு லண்டன் போகிறோம். கணவர் ஓடுகிறவர் இல்லை. நான் மட்டும் ஒரு மணி நேரம் வெளியே போனால், "இங்கே வந்தும் இவளுக்கு இதுதானா" என்று நினைப்பார்களோ என்று சங்கடமாக இருக்கிறது.

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. கேட்ட எல்லோருமே பெண்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். ஓட்டத்துக்கான நேரம் என் தூக்கத்திலிருந்து போகட்டும், அவர்களுடைய பகலிலிருந்து போகக் கூடாது. அவர்கள் எழுந்து காபி கேட்கும்போது நான் குளித்துவிட்டு நிற்க வேண்டும். அப்படி இருந்தால் யாருக்கும் குறை வராது.

முதல் லண்டன் பயணத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு வாடகை வீடு. மரத்தரை, எங்கே மிதித்தாலும் சத்தம் போடும். முந்தின இரவே உடையைக் குளியலறைக் கொக்கியில் மாட்டி, ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் வீட்டுச் சாவி என்று வைத்துவிட்டேன். காலை 5 மணிக்கு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்து கட்டினேன். பக்கத்தில் இருக்கும் சென்ட்ரல் பார்க்கைச் சுற்றியே ஓடிவிட்டு, பால் வாங்கிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தால், மாமியார் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், கையில் உள்ளூர் சிம் போடாத போன். "தண்ணி குடிக்க எழுந்தேன். உன்னைக் காணோம். யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியலம்மா" என்றார். நான் ஓடப் போனதில் அவருக்குக் கோபமே இல்லை. எங்கே போனேன் என்று தெரியாமல் புது ஊரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த பயம்தான். எனக்கு மனசே ஆறவில்லை.

அன்றிலிருந்து இரவே சொல்லிவிடுவேன். எங்கே ஓடுகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். "போகட்டுமா அத்தை" என்று கேட்டால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றும். "பார்க் வரைக்கும் போய்ட்டு ஆறரைக்கு வந்துடுவேன், வரும்போது என்ன வாங்கணும்?" என்று கேளுங்கள். நாலாவது நாள் அவரே சால்வையைப் போர்த்திக்கொண்டு கூட வந்தார். நான் ஓட, அவர் நடந்தார். ஒவ்வொரு சுற்றிலும் கடந்து போகும்போது கையைத் தூக்கிக் காட்டுவார்.

பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது அன்று அதிகாலையிலேயே ரயில் என்றால் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

திருச்சியிலிருந்து: ஊரில் 5 மணிக்கு எழுந்து ஓடுவேன். அங்கே எந்த நேரத்தில் ஓடுவது?

எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேற்கே போனால் நேரம் உங்கள் பக்கம். மே மாதம் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். முதல் சில நாள் 3, 4 மணிக்கே முழிப்பு வந்துவிடும். மே நடுவில் அங்கே 5 மணி சுமாருக்குச் சூரியனும் வந்துவிடும். புரண்டுகொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

கிழக்கே போவது கஷ்டம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். உங்கள் உடம்பின் 5 மணி அங்கே ஏழரை. ஆறரைக்கு எழுந்தால் உடம்புக்கு அது 4 மணி. ஆனால் அங்கே வருடம் முழுக்கச் சூரிய உதயம் 7 மணியை ஒட்டித்தான், அதனால் அவசரப்பட வேண்டாம். டோக்கியோ இன்னும் கடினம். மூன்றரை மணி நேரம் முன்னால், மே மாதம் நாலரைக்கெல்லாம் விடிந்துவிடும். முதல் இரண்டு நாள் அங்கே சாயங்காலம் ஓடுங்கள். விமானத்தில் இரவு தூங்காமல் இறங்கிய அன்று எந்த ஊரிலும் ஓட்டம் வேண்டாம், நடந்தால் போதும்.

மதுரையிலிருந்து: சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவில் தங்குகிறோம். எங்கே ஓடலாம்?

கொடுத்துவைத்த இடம். சிராங்கூன் சாலையிலேயே ஓட வேண்டாம், சிக்னலில் நின்று நின்றே நேரம் போய்விடும். ரோச்சோர் கால்வாயோரம் கீழே இறங்கினால் காலாங் நீர்ப்பரப்பு வரும். அதன் கரையைப் பிடித்துக்கொண்டு தேசிய விளையாட்டரங்கம் வரை போகலாம், ஒரு வழி சுமார் 3 கிலோமீட்டர். மழை பிடித்துக்கொண்டால் அரங்கைச் சுற்றிக் கூரை போட்ட பாதை இருக்கிறது, அதிலேயே சுற்றலாம். ஞாயிறு நேரம் இருந்தால் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் போங்கள். 15 கிலோமீட்டர் நீளக் கடற்கரை, மர நிழல், குடிநீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு அங்கேயே வாடகைச் சைக்கிள் எடுத்துக் கொடுத்துவிடலாம். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையும் அருமை. ஆனால் குரங்குகள் உண்டு, கையில் பிளாஸ்டிக் பையோடு போகாதீர்கள்.

காற்றில் ஈரம் சென்னையைப் போலத்தான். ஊரில் ஓடும் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: டோக்கியோவில் ஒரே ஒரு நாள்தான் ஓட முடியும் என்றால்?

பேரரசர் அரண்மனையைச் சுற்றி ஓடுங்கள். ஒரு சுற்று 5 கிலோமீட்டர், வழியில் ஒரு சிக்னல்கூடக் கிடையாது. எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் ஓடுவார்கள், நீங்களும் அப்படியே ஓடுங்கள். சகுராதா வாயிலில் தொடங்கினால் பாதி சமதளம், அப்புறம் தக்கேபாஷியிலிருந்து ஏற்றம், ஹன்சோமோனைத் தாண்டியதும் அகழியைப் பார்த்துக்கொண்டே இறக்கம். அந்த இறக்கத்துக்காகவே இன்னொரு தடவை போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். நடப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை, ஒதுங்கிப் போங்கள். பக்கத்திலேயே காசு கொடுத்தால் பெட்டகமும் குளியலும் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன.

சேலத்திலிருந்து: துபாயில் மே மாதம் ஓட முடியுமா?

விடியும்போது மட்டும் முடியும். ஐந்தரைக்கு விடியும், ஆறரைக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். ஜுமேரா கடற்கரையில் 14 கிலோமீட்டருக்கு மெத்தென்ற ஓட்டப்பாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். அங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடும். சாலையைக் கடக்கும்போது நம் தலை தானாகவே வலது பக்கம் திரும்பும், ஆனால் வண்டி இடமிருந்து வரும். இரண்டு பக்கமும் பார்த்து, கடக்க வேண்டிய இடத்தில் மட்டும் கடங்கள். மற்ற இடத்தில் கடந்தால் அபராதம். வெயில் ஏறிவிட்டால் ஹோட்டல் டிரெட்மில் போதும். அமெரிக்கா போகிறவர்கள் கவனிக்க: அங்கே டிரெட்மில்லில் 6 என்றால் மைல் கணக்கு, நம் கணக்கில் 9.7 கிலோமீட்டர்.

திருநெல்வேலியிலிருந்து: பெட்டியில் இடமே இல்லை. என்னென்ன எடுத்துப் போவது?

ஓடும் ஷூவைக் காலிலேயே போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள். ஊர் சுற்றவும் அதுவே போதும். புது ஷூ மட்டும் வேண்டாம். உடை இரண்டு செட். ஓடி வந்ததும் குளிக்கும்போதே அலசி, ஹோட்டல் துண்டுக்குள் வைத்துச் சுருட்டி நன்றாக முறுக்குங்கள். துண்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மறுநாளுக்குள் காய்ந்துவிடும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் அவலும் பேரீச்சம்பழமும். அறையில் கெட்டில் இருந்தால் அவலை வெந்நீரில் ஊறவைத்துப் பொடியைப் போட்டுச் சாப்பிடலாம். ஆஸ்திரேலியா போகிறவர்கள் கொண்டுபோகும் உணவை வருகைப் படிவத்தில் கட்டாயம் எழுதிவிடுங்கள்.

வேலூரிலிருந்து: என் 10 வயது மகள் கூட ஓட வேண்டும் என்கிறாள். அழைத்துப் போகலாமா?

தாராளமாக. சனிக்கிழமை பார்க்ரன் இருக்கும் ஊராக இருந்தால் இன்னும் நல்லது. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் ஓடி ஆரம்பித்தது இது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்தும் முடிக்கலாம். இங்கிருந்தே ஒரு தடவை பதிவு செய்து பார்கோடை அச்சடித்துக்கொண்டால் எந்த நாட்டிலும் செல்லும். லண்டனில் காலை 9 மணிக்கு, சிங்கப்பூரில் ஏழரைக்கு. மகளுக்கும் தனியாகப் பதிவு செய்யுங்கள், அவள் பக்கத்திலேயே ஓடுங்கள். என் மகன் தன் பார்கோடைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தான். தாத்தா பாட்டி ஓரமாக நின்று கைதட்டினால் அன்றைய காலை எல்லோருக்கும் சொந்தமாகிவிடும்.

புதுச்சேரியிலிருந்து: வயது 58. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். தனியாக ஓடலாமா?

ஐயா, கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: நேரம் மாறும்போது மாத்திரையையும் சாப்பாட்டையும் எப்படி மாற்றுவது என்று. சில மாத்திரைகளும் இன்சுலினும் ஓடும்போது சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். பையில் குளுக்கோஸ், ஹோட்டல் அட்டை, மாத்திரைப் பெயர் எழுதிய சீட்டு மூன்றும் இருக்கட்டும். தங்கும் இடத்தைச் சுற்றியே சிறிய வட்டமாக ஓடுங்கள். நடுக்கமோ திடீர் வியர்வையோ வந்தால் நின்று, குளுக்கோஸைப் போட்டுக்கொண்டு, வீட்டாரை அழையுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: தெருநாய் பயம் எனக்கு. வெளிநாட்டிலும் உண்டா?

சிங்கப்பூர், ஜப்பான், இங்கிலாந்தில் கவலை வேண்டாம். பாலி, தாய்லாந்து, இலங்கையில் உண்டு. துரத்தினால் ஓடாதீர்கள், நின்று மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாது.

மயிலாடுதுறையிலிருந்து: போன வருடம் மூன்று வாரம் அமெரிக்காவில் ஒரு நாளும் ஓடவில்லை. வந்த பிறகு ஆரம்பிக்கவே முடியவில்லை அக்கா.

இந்த முறை வந்து இறங்கிய மூன்றாம் நாள் ஷூவைப் போடுங்கள், அதற்கு மேல் தள்ளாதீர்கள். முதல் வாரம் மூன்று நாள், 20 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள், பழைய வேகத்தோடு ஒப்பிட்டால் மனசு விட்டுப்போகும். இரண்டாம் வாரம் 30 நிமிடம். மூன்றாவது வாரத்தில் குழுவோடு வந்து சேர்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது ஓட வருவார்கள் என்றால் அவர்களிடம் திரும்பி வந்து ஓட ஆரம்பிக்கும் தேதியை இப்போதே சொல்லி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.