எத்தனை மீன் கிடக்கு? – வாசகர் கடிதம்

அன்புள்ள சேர்,

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணிதம் சிறப்புக் கற்கை, இறுதி ஆண்டு. மட்டக்களப்பு வாவிக்கரை ஊர். அப்பா வாவியில் வலை போடுபவர். ஆய்வுத் திட்டத்துக்கு நாலு தலைப்புத் தந்திருக்கிறார்கள்: அட்சரகணிதம், போக்குவரத்து, கல்வி, சூழலியல். கடைசி மூன்றும் ‘பிரயோகம்’ என்று எல்லோரும் அதற்கு ஓடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அட்சரகணிதம். வீட்டில் அதால் என்ன பிரயோசனம் என்கிறார்கள். சரி, சூழலியலையே எடுப்போம் என்று வாவி மீன்களைப் பற்றிச் செய்யப் போவதாகச் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு, “வாவிக்குள்ள எத்தின மீன் கிடக்கெண்டு ஒன்ட கொப்பிக்குத் தெரியுமா மகன்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் சேர். இந்தப் பிரயோகங்களெல்லாம் நிஜமாகவே உதவுகின்றனவா, அல்லது கட்டுரை எழுதுவதற்கான சாட்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதிலும் உண்டு. டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற மீனியல் ஆய்வாளர் 1896-இலேயே அதற்கு ஒரு வழி சொன்னார். 200 மீனைப் பிடித்து அடையாளம் போட்டுத் திரும்ப விடுகிறோம். கொஞ்ச நாள் கழித்து வலை வீசுகிறோம். 150 மீன் அகப்படுகிறது, அதில் 6 மீனில் நம்முடைய அடையாளம் இருக்கிறது. 150-க்கு 6 என்றால் 25-க்கு ஒன்று. அப்படியானால் நாம் அடையாளம் போட்ட 200-உம் மொத்தத்தில் 25-இல் ஒரு பங்கு. மொத்தம் 5000. அவ்வளவுதான், ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும் விகிதக் கணக்கு. பிரான்சின் சனத்தொகையை மதிப்பிட லாப்பிளாசு 1802-இல் கையாண்டதும் கிட்டத்தட்ட இதே உத்திதான்.

இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் உடனே மடக்குவார். அடையாளம் போட்ட மீன் மற்ற மீன்களோடு கலந்ததென்று எப்படித் தெரியும்? நம்முடைய வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கல்லடியில் விட்ட மீன் கல்லாற்றுப் பக்கம் போயிருக்குமா? இடையில் முகத்துவாரம் வெட்டினால் மீன் கடலுக்குப் போகாதா, கடலிலிருந்து உள்ளே வராதா? ஒரு தடவை வலையில் பட்ட மீன் அடுத்த தடவை ஒதுங்கிப் போகாதா? இந்தக் கேள்விகள் அந்தக் கணக்கின் எடுகோள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பவை. புத்தகத்தில் ‘மூடிய தொகுதி’, ‘சமச்சீரான கலப்பு’ என்று ஒரு வரியில் போயிருக்கும். உங்கள் அப்பா அந்த ஒரு வரிக்குள் முப்பது நாற்பது வருடம் தோணி விட்டவர்.

நீங்கள் கேட்டதற்கு என்னுடைய பதில் இதிலேயே இருக்கிறது. பிரயோக கணிதத்தில் சமன்பாடு பெரும்பாலும் லேசானது. எதை எடுகோளாக வைத்தோம் என்பதுதான் சிக்கலான இடம். நாம் நம்பியும் வாயால் சொல்லாமல் வைத்திருப்பதை எழுதிக் காட்டச் சொல்லிக் கணிதம் நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. எழுதிவிட்டால் அதைப் பிழை பிடிக்கலாம், வழக்கும் போடலாம்.

வழக்குப் போட்ட கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. உயர்தரம் எழுதிய பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இசட் புள்ளியைத் திட்டாமல் பெறுபேற்றுக் காலம் கழியாது. 1970களின் தரப்படுத்தலைக் கண்ட தலைமுறைக்கு அந்த எரிச்சல் இன்னும் பழையது. பல்கலைக்கழக அனுமதிக்காக 2001-இல் வந்த இந்த இசட் முறை அடிப்படையில் நியாயமான யோசனை. ஒரு பாடத்தில் இடை 40, நியம விலகல் (புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) 15 என்று வையுங்கள். 70 எடுத்த பிள்ளை இடையைவிட 30 கூட, அதாவது இரண்டு விலகல் மேலே; ஆகவே இசட் 2. இன்னொரு பாடத்தில் இடை 60, விலகல் 10. அதில் 75 எடுத்த பிள்ளைக்கு 1.5-தான். கடினமான வினாத்தாளில் எடுத்த 70, லேசான வினாத்தாளில் எடுத்த 75-ஐ முந்துகிறது. நல்லது.

ஆனால் இதற்குள் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. இரண்டு பாடத்துக்கும் தோற்றிய பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே தரத்தவர்கள், வித்தியாசம் வினாத்தாளில்தான் என்பது அது. இணைந்த கணிதம் எடுப்பவர்தான் பௌதிகவியலும் எடுக்கிறார் என்பதால் கணிதப் பிரிவில் இது ஓரளவு நிற்கும். கலைப் பிரிவில் பாடச் சேர்மானங்கள் பலவிதம். கெட்டிக்காரர்கள் ஒரு பாடத்தில் குவிந்தால் அங்கே சராசரிப் பிள்ளையின் இசட் கீழே போகும். அது வினாத்தாளின் குற்றமல்ல, பிள்ளையின் குற்றமுமல்ல.

2011-இல் பழைய பாடத்திட்டத்துக்கு ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்துக்கு ஒரு கூட்டமும் தோற்றினார்கள். வினாத்தாள்கள் வேறு, ஆட்களும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு இசட் கணித்தார்கள். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. எடுகோள்தான் பிழை. 2012-இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பைத் தள்ளி, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. ஒரு புள்ளிவிபரவியல் எடுகோள் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போனது வேறெங்கும் அடிக்கடி நடக்கிற காரியமல்ல. ‘கல்வியில் கணிதத்துக்கு என்ன வேலை’ என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் மட்டக்களப்பும் அம்பாறையும் உட்படப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்த 40, 55, 5 எந்தச் சூத்திரத்திலிருந்தும் வந்தவையல்ல. அது அரசியல் முடிவு, அதை அரசியலாகத்தான் விவாதிக்க வேண்டும். இசட்டைத் திட்டுபவர்களில் பாதிப்பேர் உண்மையில் இந்தப் பங்கீட்டைத்தான் திட்டுகிறார்கள்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீட்ரிச் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதர் 1968-இல் காட்டினார்: புதுப் பாதை போட்டால் எல்லோருக்கும் நேரம் கூடவும் செய்யலாம். 4000 வாகனம், இரண்டு வழி. ஒவ்வொரு வழியிலும் எப்போதும் 45 நிமிடம் எடுக்கும் அகலமான துண்டு ஒன்று, வாகனங்களின் எண்ணிக்கையை 100-ஆல் வகுத்து வரும் நிமிடங்கள் எடுக்கும் ஒடுங்கிய துண்டு ஒன்று. ஒரு வழியில் ஒடுங்கியது முதலில், மற்றதில் கடைசியில். பாதிப் பாதியாகப் பிரிந்தால் 20-உம் 45-உம் 65 நிமிடம். இப்போது நடுவில் நேரமே எடுக்காத ஒரு குறுக்குப் பாதையைத் திறந்து விடுங்கள். எல்லோரும் இரண்டு ஒடுங்கிய துண்டுகளையும் பிடிப்பார்கள். 40-உம் 40-உம் 80. பழைய வழிக்குத் தனியாகத் திரும்புபவருக்கு 85, ஆகவே ஒருவரும் திரும்ப மாட்டார். இதைக் கல்லடிக்குக் கொண்டுவந்து பொருத்தாதீர்கள். 2013-இல் புதுப் பாலம் வந்ததும் நெரிசல் குறைந்ததுதான் நம் அனுபவம். அங்கே தண்ணீரைத் தாண்ட வேறு தெரிவு இல்லை, இருந்த பழைய பாலமோ ஒடுக்கம். பிரேஸின் கணக்குக்குத் தெரிவு செய்ய இரண்டு வழி வேண்டும்.

இனி உங்கள் அட்சரகணிதம். இதற்குத்தான் நான் ஆசையோடு காத்திருந்தேன்.

பெரோன் 1907-இலும் புரோபேனியஸ் 1912 வரையிலும் தாயங்களை, அதாவது எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கிய கட்டங்களை, பற்றி ஒரு தேற்றம் நிறுவினார்கள். உறுப்புகளெல்லாம் நேர் எண்களாக உள்ள ஒரு சதுரத் தாயத்துக்கு மட்டுப்பெறுமானத்தில் மிகப் பெரிய ஐகன் பெறுமானம் ஒன்றே ஒன்றுதான். அது நேர் எண். அதற்குரிய காவியின் கூறுகளும் நேர் எண்களே. ஐகன் பெறுமானம் என்பது, தாயம் ஒரு காவியை (எண்களின் வரிசையை) விகிதம் மாறாமல் எத்தனை மடங்காக்குகிறது என்ற எண். மீன், ஆமை என்று அவர்கள் யாரும் யோசிக்கவில்லை. 1945-இல் பற்றிக் லெஸ்லி விலங்குகளின் சனத்தொகையைத் தாயமாக எழுதினார். முதல் நிரையில் ஒவ்வொரு வயதிலும் எத்தனை குஞ்சு, அதற்குக் கீழே ஒவ்வொரு வயதிலிருந்தும் அடுத்த வயதுக்குத் தப்புவது எத்தனை பங்கு. அந்தத் தாயத்தில் பூச்சியங்கள் நிறைய வரும், ஆனால் புரோபேனியஸ் தேற்றத்தை அதற்கும் நீட்டி வைத்திருந்தார். அந்தப் பெரிய ஐகன் பெறுமானம் 1-ஐ விடக் கூடினால் இனம் பெருகும், குறைந்தால் அழியும். தாயத்தின் எந்த உறுப்பைத் தொட்டால் அது எவ்வளவு மாறும் என்றும் கணிக்கலாம்.

1987-இல் அமெரிக்கத் தென்கிழக்குக் கரையின் பெருந்தலை ஆமைகளுக்கு குரோஸ், குரோடர், காஸ்வெல் என்ற மூவர் இதைச் செய்தார்கள். வயதுக்குப் பதிலாக முட்டையிலிருந்து முதிர்ந்த பெட்டை வரை ஏழு பருவங்கள். அதுவரை பாதுகாப்பென்றால் கடற்கரையில் முட்டையைக் காப்பதுதான். கூட்டைச் சுற்றி வேலி போடுவது, முட்டையை எடுத்துப் பொரிக்க வைப்பது. யாருக்கும் அது இயல்பாகத் தோன்றும், நாயும் நரியும் முட்டையைக் கிண்டித் தின்பதைக் கண்ணால் பார்க்கிறோமே. தாயம் வேறு சொன்னது. முட்டை முழுவதையும் காப்பாற்றினாலும் அந்த இனம் குறைந்துகொண்டே போகும். பெரிய, இன்னும் முட்டையிடத் தொடங்காத ஆமைகளின் உயிர்ப்பிழைப்பைக் கொஞ்சம் கூட்டினால் நிமிரும். அந்தப் பருவத்து ஆமைகள் எங்கே சாகின்றன? இறால் பிடிக்கும் இழுவைமடிகளில். ஆமை மூச்சுவிட மேலே வரவேண்டும், மடிக்குள் அகப்பட்டால் மூழ்கிச் சாகும். மடியில் ஆமை வெளியேற ஒரு கதவு வைக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்துக்கு இந்த ஆய்வு பெரிய பலமாக இருந்தது. ஐகன் பெறுமானத்துக்குப் பயந்துதானே உங்கள் வகுப்பில் பாதிப்பேர் சூழலியலுக்கு ஓடினார்கள்? போன இடத்திலும் அது காத்திருக்கிறது.

அம்பாறை மாவட்டத்தில் பாணமைப் பக்கமும் ஆமை கரையேறும். ஆனால் அந்தத் தாயத்தின் எண்களை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். இங்கே வருவது பெரும்பாலும் வேறு இனங்கள், இங்கே முட்டை எடுப்பவர் மனிதரும்தான், வலைகளும் வேறு. முறையைக் கடன் வாங்கலாம், எண்களை இங்கேயேதான் எண்ண வேண்டும்.

ஆகவே நாலு தலைப்பில் எதை என்று மண்டையைப் போட்டு உடைக்காதீர்கள். தாயத்தை எடுங்கள், இனத்தை வாவியிலிருந்து எடுங்கள். இறாலே நல்லது. ஆயுள் குறைவு, ஓர் ஆண்டுக்குள் பல பருவங்களைப் பார்க்கலாம், விலையும் இருப்பதால் பிடித்ததை மறக்காமல் எடைபோட்டு எழுதுவார்கள். அப்பாவிடமும் அவர் கூட்டாளிகளிடமும் மூன்று விஷயம் கேட்டு எழுதுங்கள்: வலைக்கண் அளவு, எந்த இடம், எத்தனை மணி நேரம். பிடித்த கிலோ மட்டும் இருந்து இந்த மூன்றும் இல்லாத தரவு ஒன்றுக்கும் உதவாது. சின்னக் கண் வலைக்கு மாறியதால் பிடி கூடியதா, இறால் கூடியதா என்று பிறகு பிரிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் மேற்பார்வையாளர் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐப்பசி பிறக்க முன்னமே தரவு சேர்க்கத் தொடங்குங்கள். மாரி மழைக்கு முகத்துவாரம் வெட்டிய பிறகு வாவியின் உப்பும் மாறும், உள்ளே இருக்கும் கூட்டமும் மாறும். வெட்டுவதற்கு முந்திய மாதங்களையும் பிந்திய மாதங்களையும் ஒரே தாயத்தில் போட்டுக் கலக்க வேண்டாம். இரண்டு தாயம் போடுங்கள். பக்கம் கூடும், பரவாயில்லை.

அன்புடன்